மலையடியில் வாங்கிய தட்டு

துர்கா சாத்திய கதவு கோழி கூவும் நேரத்துக்குத்தான் திறந்தது.

"அந்தக் கம்பெனிக்கு இன்னொரு தடவ வரி வாணாம்னு நீங்க கையெழுத்துப் போட்டா, அம்முவ இட்டுகினு அம்மையார்குப்பத்துக்கு எங்க நைனா வூட்டுக்குப் போயிடுவேன் அத்த." இதைச் சொல்லிவிட்டுத்தான் நேற்று ராத்திரி அவள் உள்ளே போனாள். கத்தியிருந்தால் மாமியார் எல்லம்மாள் தாங்கியிருப்பாள். அவளோ சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

கதவைத் திறந்தவள், தூங்கிக்கொண்டிருந்த மகள் அம்முவைத் தூக்கிவந்து மாமனார் பக்கத்தில் கிடத்தினாள். கம்பெனியில் கொடுத்த மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு மாமியார் முதல் தடவை அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கலாமா என்று, இந்தக் கதையை முன்பே கேள்விப்பட்ட அரக்கோணத்து வாசகி ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். போட்டிருக்கக் கூடாது. ஆனால் போட்ட கதையையும் கேட்டுவிட வேண்டும்.

நாகலமேட்டுக்கு எல்லம்மாள்தான் ஊராட்சித் தலைவர். ஏரிக்கரை ஓரமாகச் சோலார் கம்பெனி வந்த வருடம், ஆடிக் கிருத்திகைக்கு அவர்கள் திருத்தணியில் அன்னதானம் போட்டார்கள். மலையடியில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில், கம்பெனி ஆள் கஜபதி ஒரு தாம்பூலத் தட்டை நீட்டினான். வெற்றிலை, பாக்கு, தேங்காய், அதற்குமேல் ஒரு பட்டுப்புடவை. பரிமாற வந்ததற்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து எல்லம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மறுவாரம் கஜபதி வீட்டுக்கு வந்தான். கம்பெனிக் கட்டடங்களுக்கு ஊராட்சி வரி வேண்டாம் என்று கிராமசபையில் தீர்மானம் போடச் சொன்னான். யோசிக்க வேண்டும் என்றாள் எல்லம்மாள்.

"மலையடியில தட்டு வாங்கிட்டீங்களே பிரசிடெண்டம்மா" என்று அவன் சிரித்தான்.

கஜபதி எங்கிருந்தோ வந்தவன் இல்லை, பொதட்டூர்பேட்டைக்காரன். பெண் கொடுப்பதானாலும் நிலம் கொடுப்பதானாலும், தாம்பூலம் கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அதிலும் அது முருகன் பார்க்க வாங்கிய தட்டு. சட்டப்படி அந்தத் தட்டுக்கு ஒரு மதிப்பும் கிடையாது, எல்லம்மாளுக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று கையெழுத்துப் போட்டாள். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் தட்டில் இருந்த தேங்காயைத் தின்றுவிட்டு வரியையும் வசூலித்திருப்பாள்.

பிறகு நடந்ததெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. ஓட்டு வீட்டுக்காரனும் கூரை வீட்டுக்காரனும் வீட்டு வரி கட்டினார்கள். ஊரிலேயே பெரிய கட்டடம் வைத்திருந்தவர்கள் கட்டவில்லை. ஊராட்சியில் காசு வறண்டது. ஏரிக்கரைக் கம்பங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன, மாற்ற வழியில்லை. போன தை மாதத்தில் ஒருநாள், அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கி பைக்கில் வந்துகொண்டிருந்த அசோக்குமார், ரோட்டில் சரிந்து கிடந்த மதகுக் கல்லை இருட்டில் பார்க்கவில்லை. எல்லம்மாளுக்கு ஒரே பிள்ளை. துர்காவுக்குப் புருஷன்.

அவன் விழுந்த இடத்திலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டியவரை சோலார் பலகைகள். அங்கே விளைகிற கரண்டு எந்த ஊருக்கோ போகிறது.

காரியம் முடிந்ததும் கம்பெனி துர்காவைக் கூப்பிட்டு பலகை கழுவும் வேலை கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. இப்போது அந்த வரிவிலக்கு முடிகிறது, நீட்டிக்கச் சொல்லி கம்பெனி கேட்டிருக்கிறது. இன்று காந்தி ஜெயந்தி, கிராமசபை கூடும் நாள்.

துர்காவின் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியதும் எல்லம்மாள் புருஷன் பக்தவச்சலத்தை உலுக்கினாள்.

"எழுந்திருங்க. மலைக்குப் போயிட்டு வந்துடலாம்."

"சபைய வச்சிகினு இன்னிக்கு மலைக்கா?"

"சபை கீறதாலதான்."

போன தை வரைக்கும் நாகலமேட்டில் 'தலைவர்' என்றால் பக்தவச்சலம்தான். சபையில் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வார். பேச்செல்லாம் அவருடையது, கையெழுத்து மட்டும் அவளுடையது. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், இரண்டாவது எதற்கென்று அவருக்கே தெரியாது. பிள்ளையைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு இரண்டையும் எடுத்து அலமாரியில் வைத்தவர், அதற்குப் பிறகு தொடவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. இப்போதும் மறுபேச்சில்லாமல் அம்முவைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடந்தார்.

மலைக்கு மேலேயே பஸ் போகும். எல்லம்மாள் படியில்தான் வருவேன் என்றாள். ஏறி முடித்தவள் நேரே சந்நிதிக்குப் போகாமல் முடிக்காணிக்கை மண்டபத்துக்குத் திரும்பியபோதுதான் பக்தவச்சலத்துக்கு விளங்க ஆரம்பித்தது.

"பூமுடியாம்மா?" என்று கேட்டபடியே முடி எடுப்பவர் கத்திரிக்கோலை எடுத்தார். பெண்கள் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். நுனியில் கொஞ்சம் நறுக்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது.

"மொட்ட."

அவர் நிமிர்ந்து பக்தவச்சலத்தைப் பார்த்தார். கட்டிய பெண்டாட்டிக்கு மொட்டை என்றால் புருஷன் தலையாட்ட வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பார்ப்பார்கள்.

"இன்னா வேண்டுதல் எல்லா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"வேண்டுதல் இல்லீங்க. குடுத்த வாக்க முறிக்கப் போறேன். தட்டு கஜபதி கையிலதான் வாங்கினேன், ஆனா பாத்துகினு இருந்தது இந்த முருகரு. இவருக்கு ஏதாச்சும் குடுத்துட்டுத்தானே முறிக்கணும்."

"ஊரே எதுக்க நிக்கும். பொன்னியம்மன் கோயில் கும்பாபிசேகத்துக்கு காசு தர கம்பெனிக்காரன் ஒத்துகினு கீறான். எல்லாரும் அவன் பக்கம்."

"நிக்கட்டும்."

"துர்காவுக்கு வேல போயிடும்."

தலையில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வேல போனா வூட்ல இருக்கட்டும். அவ வூட்ல இருந்தா போதும் எனக்கு. அவளும் கொயந்தையும் போயிட்டா, நீங்களும் நானும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு இன்னா பண்ணுவோம், சொல்லுங்க."

"இத அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா நம்ப மாட்டா. போன தடவையும் யோசிக்கிறேன்னுதானே சொன்னேன். செஞ்சிட்டு சொல்றேன்."

பக்தவச்சலம் முடி எடுப்பவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கத்தி பட்டதும் நரை கலந்த முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. பிள்ளை போனபோது ஊருக்கு முன்னால் அழுதால் நாற்காலிக்கு இழுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அவள். முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தோள் குலுங்க, பெற்ற வயிறு எரிய இப்போது அழுதாள். சுற்றிலும் காது குத்த வந்த குழந்தைகள் மொட்டைக்கு அழுதுகொண்டிருந்தன. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தனம் தடவிக்கொண்டு வந்தவளை அம்மு கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தலையைத் தொட்டாள்.

"சில்லுனு கீது ஆயா."

"ஆங், சில்லுனுதான் கீது கண்ணு" என்றாள் எல்லம்மாள்.

அங்கே கம்பெனி வேலிக்குள் துர்கா பலகை கழுவிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டால் கண்ணாடி கொதிக்கும், கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அதனால் பொழுது நன்றாகப் புலர்வதற்குள் பாதி வரிசையை முடித்தாக வேண்டும். காந்தி ஜெயந்திக்கு விடுமுறை என்பது சூரியனுக்குச் சொல்லி அனுப்பப்படவில்லை.

கஜபதி வந்துவிட்டுப் போயிருந்தான். யாரையும் மிரட்டவில்லை. எல்லாப் பெண்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வரிவிலக்கு கிடைக்காவிட்டால் கழுவுவதற்கு மெஷின் கொண்டுவந்து ஆட்களை நிறுத்திவிடலாமென்று மேலிடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றும், தனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னான். போகிறபோது துர்காவின் அருகில் நின்றான்.

"சபையில பிரசிடெண்டம்மா வூட்டு கை மொதல்ல ஏறினா, ஊரு கை தானா ஏறும்மா" என்றான்.

அவன் தலை மறைந்ததும் ஜெயம்மாள் துடைப்பக் கழியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். அசோக்குமாரின் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று துர்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இந்த ஜெயம்மாள்தான். துர்காவுக்கு அக்கா முறை. அவளுடைய புருஷனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரா வாரம் வேலூருக்கு அழைத்துப் போகிறாள்.

"துர்கா, உன் கால்ல வேணா உழுறேன். கைய தூக்கிடு."

"அந்த ரோடு இன்னும் இருட்டாத்தானே கீது அக்கா. இவனுங்க வரி கட்டினா லைட்டு எரியும். எரிஞ்சிருந்தா அவரு இருந்திருப்பாரு."

"எனக்குத் தெரியாதா கண்ணு? உம் புருசன் போயிட்டான். என்னுது இன்னும் மூச்சு வுட்டுகினு கீது. அந்த மூச்சு இந்த வேலையிலதான் ஓடுது."

தப்பான பேச்சு என்று தள்ளிவிட முடியாத பேச்சு அது.

"அத்த கையெழுத்துப் போட்டா வூட்ட வுட்டுப் போயிடுவேன்னு சொல்லிட்டேன்க்கா. நானே எப்படி கை தூக்கறது?"

"அவங்க போடத்தான் போறாங்க. போன தடவ போடலியா? நீ தூக்கினாலும் தூக்கலன்னாலும் அது நடக்கும். நீ தூக்கினா எங்க சோத்துல மண்ணு உழாது, அவ்ளோதான்." ஜெயம்மாள் ஈரக் கையை விரித்து நீட்டினாள். "அம்மு மேல சத்தியம் பண்ணு."

மாமியார் கையெழுத்துப் போடப்போகிறாள் என்பதில் துர்காவுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மாமியாரின் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஜெயம்மாளின் ஈரக் கைமேல் தன் கையை வைத்தாள்.

ஜெயம்மாளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்கும் தைரியம் இல்லாதபோது, பக்கத்தில் நிற்கிறவளிடம்தான் மனிதர்கள் கேட்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் நின்றது ஒரு விதவை.

பொன்னியம்மன் கோயிலுக்கு எதிரில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஷாமியானா கம்பெனி உபயம், நாற்காலி கம்பெனி உபயம், பொங்கல் வடையும் கம்பெனி உபயம். காந்தி படத்துக்குப் போட்ட மாலை மட்டும் ஊராட்சிச் செலவு. அது கொஞ்சம் சின்ன மாலை.

எல்லம்மாள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. மொட்டைத் தலை, காய்ந்த சந்தனம், கையில் ஒரு தட்டு. பின்னால் அம்முவைத் தூக்கிக்கொண்டு பக்தவச்சலம் வந்தார். தன் பழைய நாற்காலியில் உட்காராமல் ஜனங்களோடு கீழே உட்கார்ந்துகொண்டார்.

ஓரமாக மஞ்சள் கோட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்த துர்கா பாதி எழுந்தாள். ஜெயம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எல்லம்மாள் மேடைக்குப் போகவில்லை. கஜபதியின் முன்னால் போய் நின்றாள்.

"இந்தாப்பா, உன் தட்டு. புடவைய பிரிக்கல, அதே புடவதான். வெத்தல பாக்கு, தேங்கா எல்லாம் புதுசு."

கஜபதிக்கு முகம் மாறியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்கின தாம்பூலத்த திருப்பக் கூடாது பிரசிடெண்டம்மா. நிச்சயம் பண்ண கல்யாணத்த நிறுத்துற மாதிரி."

"நிறுத்தத்தான் வந்துகீறேன்."

அவன் கை நீட்டுகிற மாதிரி தெரியவில்லை. தட்டை அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எல்லம்மாள் ஜனங்கள் பக்கம் திரும்பினாள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவள், அதைத் தொடாமலே பேசினாள்.

"நம்ம ஏரிக்கரையில கம்பம் நிக்குது, லைட்டு எரியல. மாத்துறதுக்கு காசு இல்லன்னு உங்களாண்ட சொன்னது நான்தான். காசு இல்லாம பண்ணதும் நான்தான். குடிசைக்காரன் வரி கட்றான், கம்பெனிக்காரன் கட்டல. இனிமே அவங்களும் கட்டட்டும். நம்ம புள்ளைங்க வெளிச்சத்துல வூட்டுக்கு வரட்டும்."

பிள்ளையின் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லாதது எல்லாருக்கும் கேட்டது.

"பையன் போன துக்கத்துல பேசுது, பாவம்" என்று ஒரு ஆண் குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. "கும்பாபிசேகம் நடக்க வேணாமா?" என்றது இன்னொன்று.

ஊராட்சிக் கிளார்க் பரந்தாமன் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர், இரண்டு பக்கத்துக்கும் பயப்படுகிறவர். தீர்மானத்தைக் கடகடவென்று படித்தார்.

"கம்பெனிக்கு வரிவிலக்க நீட்டிக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் ஏறவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்டைத் தலையோடு நிற்கிற ஒருத்திக்கு முன்னால் முதல் கையைத் தூக்க யாருக்கும் துணிவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில், வெகுநாளைக்குப் பிறகு, எல்லம்மாளின் முகம் தெளிந்தது. அவள் கண் மருமகளைத் தேடிப் போனது. பாரம்மா, முறித்துவிட்டேன், வீட்டிலேயே இரு என்று அந்தக் கண் சொன்னது.

துர்கா அழுதுகொண்டிருந்தாள். எதிரே தாத்தா மடியில் இருந்த அம்மு அம்மாவைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். ஒரு சாவைப் பார்த்துவிட்டவளுக்கு, பிள்ளை மேல் செய்த சத்தியம் வெறும் பேச்சு அல்ல. இருப்பது அந்த ஒரு உயிர்தான், அதை வைத்து எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

முதல் கை துர்காவுடையது.

அதைப் பார்த்ததும் ஜெயம்மாளின் கை ஏறியது. பிறகு மஞ்சள் கோட்டுகள் அத்தனையும். பிறகு ஆண்கள். பிரசிடெண்டம்மா வீட்டுக் கையே ஏறிவிட்டபோது நமக்கென்ன என்று ஷாமியானா முழுக்கக் கைகள் எழுந்தன. பக்தவச்சலம் மட்டும் அம்முவின் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார்.

பரந்தாமன் எண்ணி முடித்தார். கைகள் இறங்கின. துர்காவின் கை இறங்கவில்லை. மாமியாரின் தலையையே பார்த்தபடி, தூக்கிய கையை மறந்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லம்மாள் மெதுவாக நடந்துவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அழுதுகொண்டே தூக்கிய கை, யாரோ வாக்கு வாங்கித் தூக்க வைத்த கை என்று அவளுக்குப் பட்டது.

"யாரு மேல சத்தியம் வாங்கினாங்க?"

"அம்மு மேல, அத்த."

ஜெயம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். தன் வாக்கை முறிக்கக் கொடுப்பதற்கு அவளிடம் முடி இருந்தது. இந்த வாக்குக்கு எதைக் கொடுத்தாலும் ஈடாகாது என்று அவளுக்குப் புரிந்தது.

"நீங்க முறிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதே அத்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொல்லியிருக்கணும்" என்றாள் எல்லம்மாள். "கைய எறக்கும்மா. எண்ணியாச்சி."

அவளே அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். பலகை கழுவித் தண்ணீரில் ஊறிப்போன விரல்கள். இறங்கிய கை மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டது.

"பிரசிடெண்டம்மா" என்று மேசையிலிருந்து பரந்தாமன் கூப்பிட்டார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "தீர்மானம் நிறைவேறிடுச்சி. உங்க கையெழுத்து வேணும்."

ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கஜபதி பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றான். எல்லம்மாள் எழுந்திருக்கவில்லை.

துர்கா பற்றிக்கொண்டிருந்தது மாமியாரின் வலது கை. அதை அவள் விடவில்லை.